காசு வாங்கியதைச் சொல்லாமல் வீடியோ போடலாமா?

செக்குக்கடை: ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். இன்ஸ்டாவில் சமையல் வீடியோ போடும் ஒருவர், காசு வாங்கியதைச் சொல்லாமல் "எங்க வீட்ல இதுதான்" என்று பேசினால்தான் விற்கும் என்கிறார். கூகுளில் ரிவியூவும் எழுதித் தருவாராம். செய்யலாமா?

மளிகைக்காரர்: வேண்டாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பேசுபவருக்கும் உண்டு. இலவசமாக ஒரு டின் கொடுத்தாலும் அதை வீடியோவிலேயே சொல்லணும்.

கோவைவாசி: கடலை எந்த ஊர், என்றைக்கு ஆட்டியது, இதைத்தான் நான் பார்ப்பேன். அதைப் போடுங்கள். எல்லாமே ஐந்து நட்சத்திரமாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும் (என் குணம் அப்படி).

செக்குக்கடை: சரிங்க. "கட்டண விளம்பரம்" என்று முதலிலேயே போடச் சொல்கிறேன். மாட்டேன் என்றால் வேறு ஆள்.