திவசத்துக்குக் கூப்பிட்டார்கள், போனால் விருந்து!

சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்த்த வியட்நாம் தோழி லீவில் ஊருக்கு வந்திருந்தாள். நான் சைகோனில் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும், "ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்கு யோ, நீயும் வா" என்றாள். யோ என்றால் திவசம். நம்மைப் போலவே இறந்த நாளைச் சந்திரக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். திவசத்துக்குப் போய் வெளியாள் நிற்பதா என்று தயங்கினேன். "வராவிட்டால்தான் அம்மா கோபித்துக்கொள்வாள்" என்றாள்.

ஊர் பென் ட்ரே, மேகாங் கழிமுகத்தில். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், திரும்பிய பக்கமெல்லாம் தென்னை. ராக் மியூ பாலம் 2009-இல் திறக்கும்வரை வண்டியோடு படகில் ஏறித்தான் ஆற்றைக் கடந்தார்களாம். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போய் இறங்கினால், வாசலில் பந்தல், வட்ட மேசைகள், ஐஸ் போட்ட பீர், ஒரே சிரிப்பு!

உட்காருவதற்குள் எல்லாரும் கேட்டது என் வயதைத்தான். வயது தெரியாமல் அவர்களால் ஒருவரைக் கூப்பிடவே முடியாது. அப்பாவின் அண்ணன் 'பாக்', தம்பி 'சூ', அம்மாவின் சகோதரர் 'காவ்'. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நான் தமிழில் அடுக்கியதும் மேசையே குதூகலமாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். என் தோழி மூன்றாவது, ஆகவே அவள் 'நான்கு'. 'ஒன்று' எங்கே போயிற்று என்று கேட்டேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள், ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

சமைத்தது எல்லாம் முதலில் தாத்தா படத்துக்கு முன்னால் போயிற்று. ஊதுபத்தி எரிந்து தணியும்வரை யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. காக்கை வந்து எடுக்குமா என்று மொட்டை மாடியில் காத்து நிற்போமே, அதே பசி, அதே பொறுமை.

நான் சைவம். அதைச் சொல்லத்தான் பயந்தேன். 'ஆன் சாய்' என்றதும் பாட்டிக்குப் புரிந்துவிட்டது. அவரும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம்தான். எலுமிச்சைப்புல், மிளகாய் போட்டு வறுத்த டோஃபு வந்தது. நுக் மாம் கிண்ணத்தை, அதாவது மீன் சாஸை, என் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டு சோயா சாஸை வைத்தார். அதன்பிறகு நான் எதை எடுத்தாலும் முதலில் அவரைப் பார்ப்பேன், அவர் தலையாட்டுவார்.

ஆண்கள் மேசையில் ஒரே ஒரு கிளாஸ், கை மாறிக்கொண்டே இருந்தது. நாட்டுச் சாராயம். "மோட், ஹாய், பா, யோ!" ஒன்று, இரண்டு, மூன்று, உள்ளே! இந்த யோ வேறு, திவசத்து யோ வேறு. தொனியில் இருக்கிற வித்தியாசம் என் காதுக்கு எட்டவில்லை.

கிளம்பும்போது ஒரு பை நிறைய 'பான் இட்' கொடுத்தார்கள். வாழையிலையில் மடித்த ஒட்டரிசி மாவு, உள்ளே தேங்காய்ப் பூரணம். கொழுக்கட்டையேதான். சைகோன் வந்து சேர்வதற்குள் பாதி காலி.

*

எனக்கு ஹனோயில் நடந்தது வேறு. 2024 பிப்ரவரி 10, அவர்களுடைய புத்தாண்டு டெட். முந்தின நாள் நண்பன் கோல் எடுத்து, "நீ எந்த வருஷம் பிறந்தாய்?" என்றான். 1980 ஆகஸ்ட் என்றேன். "குரங்கு! அப்போ நாளைக்கு எங்கள் வீட்டுப் படியை முதலில் நீதான் மிதிக்க வேணும்." அவர்கள் கணக்கில் வருஷத்துக்கு ஒரு மிருகம். பிறக்கப்போவது டிராகன் வருஷம், குரங்குக்கு நல்ல பொருத்தமாம். முதலில் நுழைபவரின் ராசிதான் வருஷம் முழுக்க வீட்டுக்கு என்பது நம்பிக்கை, அதனால் ஆள் பார்த்துத்தான் அழைப்பார்கள். சர்ப்ரைஸ் கொடுக்கிறேன் என்று அன்று காலையில் யார் வீட்டுக் கதவையும் தட்டிவிடாதீர்கள்.

குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் புது நோட்டு போட்டுக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கைவிசேஷம் கொடுப்போமே, அதுபோல. கொடுத்து முடித்த பிறகு நண்பனின் பாட்டி என்னைக் கூப்பிட்டு எனக்கும் ஓர் உறை தந்தார். 43 வயதில் கைவிசேஷம்! உள்ளே 50,000 டோங். செலவழிக்கலாமென்று வெளியே வந்தால், அந்தத் தெருவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை.