சுயகற்றல் வகுப்பை உருப்படியாக நடத்துபவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எம்பிபிஎஸ் முதலாமாண்டுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். 2019-இல் வந்த திறன்சார் பாடத்திட்டத்தில் சுயகற்றலுக்கென்றே மணிநேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைப்பைக் கொடுத்தால், யாரோ தயாரித்த பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் சுற்றி, எல்லா ரெக்கார்டிலும் ஒரே பத்தி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அதனால் இப்போது தலைப்புக்குப் பதிலாக ஒரு நோயாளியைக் கொடுக்கிறேன். மாடியேறினால் மூச்சு வாங்கும் இளம்பெண், ஹீமோகுளோபின் 7, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 65. "இவரைப் புரிந்துகொள்ள உங்களுக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்?" என்று மட்டும் கேட்கிறேன். ஒரு மாணவி, "ரத்தம் இவ்வளவு குறைவாக இருந்தும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டுமாமே, எப்படி சார்?" என்றாள். அவ்வளவுதான், ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் நிரம்பியிருக்கிறது என்பது வேறு, ரத்தம் சுமக்கும் மொத்த ஆக்சிஜன் வேறு என்பதை அவர்களே தேடிப் படித்துவிட்டார்கள். நான் விரிவுரை எடுத்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-லேயே இதுபோன்ற முறையைத் தொடங்கியது. ஆனால் அது சிறு குழுக்களுக்கானது. எங்களிடம் ஒரே ஹாலில் 150 பேர், ஆசிரியர்கள் சிலர்தான்.

இவ்வளவு பேரை எப்படிப் பிரித்து நடத்துகிறீர்கள்? லாக்புக்கில் விடைக்கு மட்டும் மதிப்பெண்ணா, மாணவர் எழுப்பிய கேள்விக்கும் உண்டா? அப்புறம், எனக்கு முக்கியமான கவலை இது: தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகங்களைத் தனியாகத் திறக்கவே தயங்குகிறார்கள். முதல் சில மாதங்கள் அவர்களுக்கு எப்படிக் கைகொடுப்பது? இப்படிப் படித்து மேலே வந்த மாணவர்கள் இருந்தால், உங்கள் பதில்தான் எனக்கு முதலில் வேண்டும்.