பிச்சாவரம் சுரபுன்னை: ஐடிஎஸ் வரிசையில் இரட்டை முகடு, மாசா கலப்பினமா?

கேள்வி: ரைசோபோரா (சுரபுன்னை) மரம் ஒன்றை இனங்காண வேண்டும். உருவம் அப்பிகுலேட்டா, மியூக்ரோனேட்டா என்ற இரு இனங்களுக்கும் நடுவில் நிற்கிறது. பசுங்கணிக மார்க்கர் (இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ பகுதி) மியூக்ரோனேட்டாவோடு அச்சாகப் பொருந்துகிறது. உட்கரு டிஎன்ஏவின் ஐடிஎஸ் பகுதியில் மட்டும் பல இடங்களில் இரட்டை முகடு (ஒரே இடத்தில் இரண்டு எழுத்து), 200ஆவது எழுத்துக்கு அப்பால் ஒரே குழப்பம். டிஎன்ஏ பழுப்பு நிறம், தூய்மையைக் காட்டும் 260/230 விகிதம் 0.9தான். மியூக்ரோனேட்டா என்றே எழுதிவிடலாமா?

பதில் 1: எழுதாதீர்கள். பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியில் மட்டும் வரும். கலப்பின மரமும் அதில் தாய் இனமாகவே தெரியும். தந்தையைக் காட்டுவது உட்கரு மார்க்கர்தான். அதே காட்டிலிருந்து சந்தேகமில்லாத இரு பெற்றோர் இனங்களையும் அதே ஓட்டத்தில் வையுங்கள். பெற்றோர் வேறுபடும் இடங்களில் மட்டும் இரட்டை முகடு இருந்தால் கலப்பினம். கண்ட இடத்திலெல்லாம் இருந்தால் மாசு, அல்லது இலைக்குள் வாழும் பூஞ்சை. பொது ஐடிஎஸ் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) பூஞ்சையின் டிஎன்ஏவையும் பெருக்கிவிடும். தாவரத்துக்கே உரியதை வாங்குங்கள்.

பதில் 2: முதலில் டிஎன்ஏவைச் சரிசெய்யுங்கள். பழுப்பு நிறம் டானின் என்ற துவர்ப்புப் பொருள். முற்றிய இலை வேண்டாம். குருத்திலையை அதன் எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் உலர்த்துங்கள். செல்லை உடைக்கும் 2% சிடிஏபி கரைசலில், டானினைப் பிடித்துக்கொள்ளும் 2% பிவிபி. பழுப்பாவதைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலை அரைக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். 65 டிகிரியில் ஒரு மணி நேரம், குளோரோஃபார்ம் கழுவல் இரண்டு முறை. அவசரமென்றால் இருக்கும் டிஎன்ஏவைப் பத்தில் ஒன்றாக நீர்த்து, பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) தடைப்பொருளை அடக்கும் பிஎஸ்ஏ புரதம் சேருங்கள். பல நேரம் இதுவே போதும்.

கேட்டவர்: டிஎன்ஏ இல்லாத கட்டுப்பாட்டுக் குழாயில் பட்டை (பெருகிய டிஎன்ஏவின் கோடு) இல்லை. பின்னோக்கிப் படித்தால் அதே 200க்கு அருகில் வரும்வரை ஒழுங்காக இருக்கிறது, அங்கங்கே இரட்டை முகடு மட்டும்.

பதில் 1: அப்படியானால் அந்த இடத்தில் ஒரு பிரதியில் ஓரிரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கிறது, அதைத் தாண்டியதும் இரண்டு வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விலகி விழுகின்றன. குளோனிங் செய்து (பிரதிகளைப் பாக்டீரியாவில் தனித்தனியே பிரித்து) 8 முதல் 10 குளோன் படியுங்கள், இரு பிரதிகளும் தனித்தனியே வரும். ஆனால் பிசிஆரிலேயே இரண்டும் ஒட்டிக் கலவைப் பிரதி பிறப்பதுண்டு. ஒற்றைக் குளோனை நம்ப வேண்டாம்.

பிச்சாவரத்தில் இது புதிதல்ல. 1995இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட ரைசோபோரா அண்ணாமலயானா, இவ்விரண்டின் கலப்பினம் என்று பிறகு மார்க்கர்கள்தான் காட்டின.

பதில் 2: ஐடிஎஸ் ஒன்றை வைத்து முதல் தலைமுறைக் கலப்பினம் என்று சொல்லிவிடாதீர்கள். பெற்றோரிடம் முற்றிலும் வேறுபடும் மைக்ரோசாட்டலைட் (குறுந்தொடர் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ இடம்) குறைந்தது பத்து எடுங்கள். எல்லாவற்றிலும் இரு பெற்றோரின் அல்லீலும் (அந்த இடத்தின் வடிவம்) இருந்தால் முதல் தலைமுறை. சிலவற்றில் ஒருவருடையது மட்டுமே என்றால் பின்கலப்பு, அதாவது கலப்பினம் ஒரு பெற்றோர் இனத்தோடு மீண்டும் கலந்தது.