நாலுவழிச்சாலை பக்கம் 40 ஏக்கரில் குடோன் வருகிறது, ஆட்சேபணை யாரிடம் கொடுப்பது?

ஓடைக்கரை:

மேலூர் பக்கம், திருச்சி நாலுவழிச்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊர்ப் பெயரை இப்போதைக்கு எங்கும் போட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன தையிலிருந்து புரோக்கர்கள் வந்து ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, கிட்டத்தட்ட 40 ஏக்கர் வளைத்துவிட்டார்கள். முதலில் தென்னந்தோப்பு என்றார்கள், அப்புறம் பள்ளிக்கூடம் என்றார்கள், கல் ஊன்றி சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகுதான் குடோன் என்ற பேச்சே வெளியே வருகிறது. ஆன்லைன் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுவதற்காம், மொத்தம் 10 லட்சம் சதுர அடியாம்.

பெரும்பகுதி புன்செய்தான், ஓரத்தில் ஆறேழு ஏக்கர் நன்செய். ஆனால் அந்த இடத்துக்கு நடுவில் ஓர் ஓடை வருகிறது, எங்கள் கண்மாய்க்கு மழைத் தண்ணீர் அதில்தான் வர வேண்டும். சுண்ணாம்புக் கோடு ஓடையைத் தாண்டி நேராகப் போகிறது, அங்கே ஓடை இருப்பதே தெரியாத மாதிரி. ஊருக்கு வரும் ரோடும் டவுன் பஸ் எதிரே வந்தால் டூவீலர் மண்ணில் இறங்கி நிற்க வேண்டிய ரோடு. அதில் எப்படி கண்டெய்னர் வரும்?

மனு யாரிடம் கொடுப்பது? பஞ்சாயத்துத் தலைவரும் இப்போது இல்லை. டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துச் செய்த மாதிரி ஊரெல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வந்தால் நின்றுவிடும் என்று இளவட்டங்கள் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலுங்கு:

தம்பி, டங்ஸ்டனையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அது 2024 நவம்பரில் மத்திய அரசு விட்ட ஏலம், நிலத்துக்காரன் யாரும் விற்கவில்லை, யார் நிலம் போகும் என்று தெரியாததால் எல்லோருக்குமே வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த ஏலப் பகுதியில் இருந்த அரிட்டாபட்டி 2022லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் வேறு. சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள், 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை சனம் நடந்தது, 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. உங்கள் ஊரில் இருப்பது பட்டா நிலம், விற்றது உங்கள் சித்தப்பா. ரோட்டுக்கு வந்தால் பாதிக் குடும்பம் எதிர்ப்பக்கம் நிற்கும்.

அதனால் விவசாயம் அழிகிறது என்று நாலு பக்கத்துக்கு எழுதாதீர்கள், 'தனியார் நிலம்' என்று ஒரு வரியில் மனுவை முடித்துவிடுவார்கள். சர்வே எண்ணைப் பிடியுங்கள். அந்த 40 ஏக்கரில் எந்தெந்த எண்கள் இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு, அரசின் இ-சேவைத் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் அ-பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற கணக்கு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுங்கள். ஓடை தனி எண்ணில் அரசுப் புறம்போக்காக இருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. பட்டாவுக்குள்ளேயே ஓடுகிற ஓடையாக இருந்தால் கஷ்டம், ஆனால் விட்டுவிட வேண்டியதில்லை.

அடுத்தது நிலப் பயன்பாடு. விவசாய நிலத்தில் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. உங்கள் ஊர் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) எதிலும் வராத பகுதி என்றால் நகர் ஊரமைப்புச் சட்டம் 47-அ பிரிவும் 2017 விதிகளும்தான். நன்செய்யாக இருந்தால் கலெக்டரின் இசைவு வேண்டும், வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் கேட்பார்கள். அந்த ஆறேழு ஏக்கர் நன்செய் உங்களுக்குப் பெரிய பிடி. ஊர் திட்டப் பகுதிக்குள் வந்துவிட்டால் நடைமுறை வேறு, பத்திரிகையில் அறிவிப்பு வந்து ஆட்சேபணைக்கு நாள் கொடுப்பார்கள். எது என்பதை நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், போனில் சொல்ல மாட்டார்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி இன்னொன்று. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை, அதாவது ஏறக்குறைய 2.15 லட்சம் சதுர அடியைத் தாண்டினால் 2006 அறிவிக்கையின்படி அனுமதி வாங்க வேண்டும். தொழிற்கூடங்களுக்குக் கொடுத்திருந்த விலக்கையும் 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் 10 லட்சம் சதுர அடியை நாலைந்து கம்பெனி பெயரில் துண்டு போட்டுக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். நில உச்சவரம்பு ஒருவருக்கு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துப் போடுகிற கணக்கு) என்பதால் பத்திரங்களே பல பெயரில் இருக்கலாம், வில்லங்கச் சான்று போட்டால் தெரிந்துவிடும். ஒன்று ஞாபகம் வையுங்கள், கட்டட வகைத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. தண்டோரா போடுவார்கள், போய்ப் பேசலாம் என்று காத்திருந்தால் கூரையே போட்டுவிடுவார்கள்.

ஒருபோகம்:

நானும் மேலூர்க்காரன்தான். நாலுவழிச்சாலை ஓரம் நிலம் இருந்தது, விற்றேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெரியாறு பாசனத்தில் மேலூர் ஒருபோகம், அதாவது வருடத்துக்கு ஒரே விளைச்சல், 85,563 ஏக்கர் என்று பேப்பரில் நன்றாக இருக்கும். செப்டம்பர் 15 வாக்கில் தண்ணீர் திறக்க வேண்டும், 45 நாள் முழுசாக, 75 நாள் முறை வைத்து. வைகை அணையில் தண்ணீர் இல்லாத வருடம் நாற்றுப் பாவுவதா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதில் உங்கள் ஊரில் பெரும்பகுதி புன்செய் என்கிறீர்கள், அதில் கடைசியாக என்ன விளைந்தது? கருவேலம் தவிர ஏதாவது?

மெட்ராஸில் இருந்துகொண்டு, பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வந்து, பச்சைப் பசேல் என்று போட்டோ போடுகிறவன்தான் இந்த மாதிரி மனுவுக்கு முதல் கையெழுத்து. என் மகளுக்குக் கல்யாணச் செலவு எந்த நெல்லில் வந்திருக்கும்? உங்களைச் சொல்லவில்லை தம்பி. ஆனால் விற்றவனை ஊர்த் துரோகி ஆக்கிவிட்டு ஆட்சேபணை எழுதாதீர்கள்.

ஓடையை மறிப்பது வேறு விஷயம். அதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பார்ட்லோடு:

நான் லாரி ஓட்டுகிறவன், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் எல்லாம் நமக்கு வாரா வாரம். 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்தே இந்தப் பெரிய குடோன்கள்தான். முன்னே வரிக்காக மாநிலத்துக்கு ஒரு சின்னக் கிட்டங்கி வைத்திருப்பார்கள், இப்போது அந்தத் தேவை இல்லை, ரோடு நல்லாயிருக்கிற இடத்தில் ஒன்றைப் பெரிசாகப் போட்டுவிட்டால் போதும். மதுரையிலிருந்து நாலு பக்கமும் நல்ல ரோடு போகிறது, இங்கே வராமல் எங்கே போவார்கள்.

மனு எழுதுகிறவர்கள் கவனிக்காத இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, தரை உயரம். கண்டெய்னரின் பின்கதவுக்குச் சரிமட்டமாக குடோன் தரை இருக்க வேண்டும், அப்போதுதான் தள்ளுவண்டி நேராக உள்ளே போகும். அதற்கு நாலடி வேண்டும். சில இடத்தில் லாரி நிற்கிற இடத்தைப் பள்ளமாக்குவார்கள், ஆனால் ஓடை இருக்கிற தாழ்வான நிலத்தில் யார் பள்ளம் தோண்டுவார்கள், கிராவல் அடித்து மொத்த இடத்தையும் மேடாக்கிவிடுவார்கள். அதைச் சுற்றிக் காம்பவுண்டு. அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரன் நிலம்தான் குளம்.

இரண்டு, வண்டி நிற்கிற இடம். கேட்டுக்கு வந்தவுடனே உள்ளே விட மாட்டார்கள். டோக்கன் போட்டு, இடம் காலியாகிற வரைக்கும் வெளியே ரோட்டில்தான் நிற்போம், அரை நாளும் ஆகும், மறுநாளும் ஆகும். அடுப்பு மூட்டுவது, குளிப்பது, வெளிக்குப் போவது எல்லாம் ரோட்டோரம். எங்களுக்கும் அது அசிங்கம்தான், வேறு வழி இல்லை. அதனால் உள்ளேயே லாரி நிறுத்த எத்தனை வண்டிக்கு இடம், டிரைவர்களுக்குக் கக்கூஸ் எங்கே, வாசல் நாலுவழிச்சாலையின் சர்வீஸ் ரோட்டிலிருந்தா ஊர் ரோட்டிலிருந்தா, இதையெல்லாம் வரைபடத்தில் காட்டச் சொல்லி எழுதுங்கள்.

வேலை கொடுப்பார்களா என்று அடுத்துக் கேட்பீர்கள். கொடுப்பார்கள், கான்ட்ராக்டில். தீபாவளி நேரத்தில் வேன் வைத்துக் கூட்டிப்போவார்கள், தை பிறந்தால் பாதிப் பேருக்கு வேன் வராது. இருக்கிற மாதம் சம்பளம் ஒழுங்காக வரும், அதையும் சொல்ல வேண்டும்.

ஓடைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கலுங்கு அண்ணே சொன்னபடி அ-பதிவேடு எடுத்துப் பார்த்தேன். ஓடை தனி சர்வே எண், அரசுப் புறம்போக்கு என்றே இருக்கிறது! அப்பாவுக்கே அது தெரியாது. புரோக்கரிடம் கேட்டதற்கு, 'அதெல்லாம் இரண்டு சிமெண்டுக் குழாய் போட்டுத் தண்ணியை விட்டுருவோம் தம்பி' என்கிறார்.

ஒருபோகம் அண்ணே, நீங்கள் சொன்னதில் பாதி சரி. புன்செய்யில் கருவேலம்தான், ஆனால் அந்தக் காட்டில் விழுகிற மழைதான் கண்மாய்க்கு வருகிறது. அதை நம்பிக் கீழே நன்செய் வைத்திருப்பவர்கள் யாரும் நிலம் விற்கவில்லை, அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. இந்த மாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம். குழாய்க்கு என்ன பதில் சொல்வது?

கலுங்கு:

குழாய்க் கணக்கு இப்படிச் சொல்லுங்கள். 10 லட்சம் சதுர அடிக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 46 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கரில் 380க்கு மேல். மண்ணாக இருந்தால் ஒரு பகுதியைக் குடித்துவிட்டு மெதுவாக விடும், தகரத்தில் விழுந்தது அப்படியே இறங்கும். அதோடு மேலேயிருந்து ஓடையில் வருகிற தண்ணீரும் சேர்ந்து இரண்டு குழாயில் போகுமா என்று அதிகாரியையே எழுதித் தரச் சொல்லுங்கள். புலப்படத்தில் ஓடைக்கு என்ன அகலமோ அது முழுசும் திறந்தே இருக்க வேண்டும், இரு பக்கமும் மண்வெட்டியோடு ஆள் இறங்கித் தூர்வார இடம் வேண்டும் என்று கேளுங்கள்.

குறைதீர் கூட்டம் நல்ல யோசனை. திங்கட்கிழமை மனுவைவிட அங்கே மதிப்பு, வேளாண் துறையும் நீர்வளத்துறையும் ஒரே மேசையில் இருப்பார்கள். கண்மாய் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேலே என்றால் நீர்வளத்துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், மனுவை மாற்றிக் கொடுத்துவிட்டால் இரண்டு மாதம் அங்கும் இங்கும் அலையும். தகவல் உரிமையில் 10 ரூபாய் போட்டு, நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா, யார் பெயரில், எந்தெந்த எண்ணுக்கு என்று கேட்டுவிடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராம சபையையும் விடாதீர்கள். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலரிடம் போனாலும் சபை கூடித்தான் ஆக வேண்டும், வருடத்துக்கு ஆறு நாள். தீர்மானம் ஒன்றே கட்டடத்தை நிறுத்திவிடாது, ஆனால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார். நோட்டில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தை அப்புறம் எழுதும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. சர்வே எண்ணோடு எழுதி முடித்துப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், பக்கத்தைப் போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

ஒருபோகம்:

ஓடையை மட்டும் வைத்து எழுதுகிற மனு என்றால் நிலம் கொடுத்தவர்களும் கையெழுத்துப் போடுவார்கள், கேட்டுப் பாருங்கள். அவர்கள் போட்டால் செல்லுமா அண்ணே?

கலுங்கு:

தாராளமாகச் செல்லும். அட்வான்ஸ் மட்டும் வாங்கிப் பத்திரம் முடிக்காதவர்கள் இன்றைக்கும் பட்டாதாரர்கள்தான். அவர்கள் கையெழுத்தை முதல் பக்கத்திலேயே வாங்குங்கள்.