ரெகுலேற்றருக்கு என்ன சொல்? ஒழுங்காக்கியா, தூம்பா?

வெள்ளவத்தையிலிருந்து:
வணக்கம். எங்கள் உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் 5 அங்குல அகலத் தண்டவாளப் பாதையில் ஓடும் மாதிரி நீராவி எஞ்சின் ஒன்று செய்கிறார்கள். செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கொதிகலன், உருளை, முசலம் (பிஸ்டன்) எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. ஆவியை உருளைக்குத் திறந்துவிடும் ரெகுலேற்றருக்குத்தான் தமிழ்ச் சொல் தெரியாமல் நிற்கிறேன். 'ஒழுங்காக்கி' என்றால், "காஸ் சிலிண்டரில் உள்ளது மாதிரியா சேர்?" என்று கேட்கிறார்கள்.

தெமட்டகொடையிலிருந்து:
பிள்ளைகள் கேட்டது நியாயம். காஸ் ரெகுலேற்றர், வெளியே போகும் அமுக்கத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும். எஞ்சினில் உள்ளது எதையும் தானாக ஒழுங்காக்குவதில்லை. சாரதி பிடியை இழுக்கும் அளவுக்கு ஆவி உருளைக்குப் போகும், அவ்வளவுதான். கொதிகலன் முதுகிலுள்ள குமிழுக்குள், தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே வைப்பார்கள். இல்லாவிட்டால் ஆவியோடு தண்ணீரும் உருளைக்குள் போய்விடும். துளையுள்ள தட்டை முகம், அதன்மேல் வழுக்கும் ஒரு தகடு. ஆவியின் அமுக்கமே தகட்டை முகத்தோடு அழுத்துவதால் மூடினால் கசியாது. அதே காரணத்தால் திறக்கக் கை நோகும். அதனால் பெரிய எஞ்சின்களில் முதலில் ஒரு சிறு துளை திறக்கும். மாதிரியில் துளையின் ஒரு முனையை அரத்தால் கூராக்கிவிட்டால் ஆவி கொஞ்சங் கொஞ்சமாக வரும், எஞ்சின் பாயாது. தகட்டை நகர்த்தும் தண்டுக்குக் கறையில் உருக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நல்லது. பித்தளை வேண்டாம், கொதிநீரில் அதிலுள்ள நாகம் (சிங்க்) கழன்று உளுத்துப்போகும். பெயரா? நாங்கள் தமிழிலும் சிங்களத்திலும் 'ரெகுலேற்றர்' என்றுதான் சொன்னோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
குளத்து மதகைக் குறிக்கும் 'தூம்பு' இருக்கும்போது இரவல் எதற்கு? குளத்துக் குமிழித் தூம்பில் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தண்டால் தூக்கினால் தண்ணீர் போகும். ஐயா சொன்ன எஞ்சினிலும் குமிழ், துளை, தண்டு மூன்றும் உண்டு! மலைபடுகடாம் 'களிற்றுயிர்த் தூம்பு' என்று ஓர் இசைக்கருவியைச் சொல்கிறது. யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிப்பது. நீராவி எஞ்சினுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? 'ஆவித்தூம்பு' என்று போடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
அண்ணை, கொழும்புப் பிள்ளை தூம்பை எங்கே கண்டது? வன்னியில் கேட்டால் 'துருசு' என்பார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
துருசு என்றால் மயில்துத்தமும் (செப்பு சல்பேற்று) தான். வேதியியல் ஆய்வுகூடத்துக்குப் பக்கத்து அறையிலா அந்தச் சொல்லை வைப்பீர்கள்?

தெஹிவளையிலிருந்து:
அமெரிக்கர் இதையே 'த்ரொட்டில்' என்கிறார்கள். தொண்டையை நெரிப்பது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. 'மிடறு' என்றால் என்ன? 'திறப்பான்' என்றும் யோசித்தேன். நம்மூரில் திறப்பு என்றால் சாவி, எஞ்சினுக்குச் சாவி போடுவதாக நினைப்பார்கள். பேசாமல் 'ஆவி வால்வு'?

தெமட்டகொடையிலிருந்து:
தம்பி, காப்பு வால்வும் ஆவி வால்வுதான், உருளைமேல் வழுக்குவதும் ஆவி வால்வுதான். எதைத் திருகுவது என்று பிள்ளை கேட்டால்?

வெள்ளவத்தையிலிருந்து:
நாளை வெள்ளி. தலைப்பில் 'ரெகுலேற்றர்', பக்கத்தில் ஒருமுறை 'ஆவி திறக்கும் வால்வு' என்று விளக்கம். ஒழுங்காக்கி வெட்டப்பட்டது. இதற்கு மூன்று பேர் சரி என்றார்கள், இருவர் பதில் போடவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
பதில் போடாததைச் சம்மதமாக எடுக்கவேண்டாம். அடுத்த பதிப்பில் படத்திலாவது அந்தக் குமிழுக்கு நேரே 'தூம்பு' என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். அப்புறம், தண்டு வெளியே வரும் இடத்தில் கசிவுக்கு என்ன அடைப்பு வைக்கிறீர்கள் என்று தாளில் காணவில்லையே. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.