டிஎல்பி நிறுவுவதற்கு முன் நீக்கப்போகும் பட்டியலைப் படியுங்கள்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து:
உபுண்டு 22.04 லினக்ஸில் பவர் புரொஃபைல்ஸ் டீமன் (மின் பயன்பாட்டைப் பின்னணியில் கவனிக்கும் நிரல்) கூடவே வந்துவிடுகிறது. பேட்டரியை மிச்சப்படுத்தும் மென்பொருளான டிஎல்பியைப் போடச் சொன்னால், மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் அந்த டீமனைத் தூக்கிவிடும். இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருக்கவும் கூடாது. செயலி எவ்வளவு மின்சாரம் தின்னலாம் என்ற அமைப்பை இரண்டுமே கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) அதே கோப்பில் எழுதும். கடைசியாக எழுதியதுதான் நிற்கும். சார்ஜரைப் பிடுங்கும்போதெல்லாம் டிஎல்பி மறுபடி எழுதும், நீங்கள் மெனுவில் தேர்ந்தது காணாமல் போகும்.

அதனால் முதலில் ஆப்ட் கட்டளையோடு ஹைஃபன் எஸ் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் தொடாமல், எதெது போகும் என்று மட்டும் காட்டும். டீமன் பெயர் மட்டும் இருந்தால் தைரியமாகப் போடலாம். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமில் பவர் மோட் பொத்தான் மறைவது பழுதல்ல. யூபவர் அல்லது க்னோம் ஷெல் பெயர் தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். பேட்டரி அளவைத் திரைக்குச் சொல்வது யூபவர். அது போனால் டெஸ்க்டாப்பே கூடப் போகும்.

உட்லண்ட்ஸிலிருந்து:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிம் லிம் ஸ்குவேரில் பழைய திங்க்பேட் லேப்டாப் வாங்குகிறவர்கள் இன்னமும் பழைய குறிப்பைப் பார்த்து, பேட்டரியைக் கட்டுப்படுத்த கெர்னலில் ஒரு மாட்யூலைச் (கூடுதல் துண்டை) சேர்க்கும் ஏசிபிஐ கால் டிகேஎம்எஸ் பொதியையும் போடுகிறார்கள். எக்ஸ்220, டி420 தொடங்கி பிந்தைய மாடல்களுக்கு, கெர்னல் 5.17 முதல் அது தேவையே இல்லை. போட்டால்தான் தொல்லை: புதுக் கெர்னல் வரும்போது, மாட்யூலைக் கட்டத் தேவையான ஹெடர் பொதி இல்லையென்றால் மாட்யூல் உருவாகாது. செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்துத் தொடங்கும் பாதுகாப்பு) இருந்தால் கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. பொதியை நீக்கிவிட்டு, டிஎல்பி ஸ்டாட் ஹைஃபன் பி ஓட்டிப் பாருங்கள். சார்ஜ் வரம்பு வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரியும்.

நம் ஊர் வெக்கையில், நாள் முழுக்கப் பிளக்கில் கிடக்கும் லேப்டாப்புக்கு சார்ஜை 75 சதவீதத்தில் தொடங்கி 80-இல் நிறுத்தும் வரம்பு கட்டாயம் வேண்டும். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் தேய்ந்துவிடும். வெளியூர் கிளம்பும் முன் மட்டும் டிஎல்பி ஃபுல்சார்ஜ் கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம்.

கிளமெண்டியிலிருந்து:
ஃபெடோரா லினக்ஸ்காரர்கள் கவனிக்க: பதிப்பு 41 முதல் அங்கே பவர் புரொஃபைல்ஸ் டீமனுக்குப் பதிலாக இருப்பது டியூன்ட், டியூன்ட் பிபிடி. பிபிடி பழைய டீமனின் பெயரிலேயே பதில் சொல்வதால் க்னோம் பொத்தான் வேலை செய்யும், பார்த்தால் பழைய டீமன் போலவே இருக்கும். டிஎல்பிதான் வேண்டுமென்றால் இரண்டையும் டிஎன்எஃப் (ஃபெடோராவின் ஆப்ட்) ரிமூவ் செய்துவிட்டுப் போடுங்கள். பிறகு வைஃபை, புளூடூத் நிலையை நினைவில் வைக்கும் சிஸ்டம்டி ஆர்எஃப்கில் சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் மாஸ்க் செய்யுங்கள் (தொடங்கவே முடியாதபடி முடக்குங்கள்). இல்லாவிட்டால் வைஃபை, புளூடூத் பற்றி டிஎல்பியில் வைத்த அமைப்பு பூட் ஆனதும் மாறிப்போகும்.