ஏரிக்கு வடியும் வயல் தண்ணீர்: சட்டம் நம்மைப் பிடிக்குமா?

ஓடைக்கரை கேட்டது:
செங்குன்றத்துக்கு வடக்கே ரெண்டு ஏக்கர். ஒன்றரை ஏக்கர் சம்பா நெல், மீதி கீரைப் பாத்தி. வடியுற தண்ணி ஊர் ஓடையில விழுந்து, ஐப்பசி மழையில ஏரி வரத்துக்கால்வாய்ல சேருது. குடிதண்ணி ஏரிக்கு உரத்தண்ணி போகுது, விவசாயிக்கும் கட்டுப்பாடு வேணும்னு ஊர்ல பேச்சு. இப்போ இருக்கிற சட்டம் வயலுக்குப் பொருந்துமா? மண்ணும் உரமும் வெளியே போகாம இருக்க, செலவு அதிகமில்லாம என்ன செய்யலாம்?

பைல்கட்டு:
நடைமுறையில் பொருந்தாது. 1974 தண்ணீர்ச் சட்டத்தின் 25ஆவது பிரிவு கேட்கும் இசைவாணை (மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி), கழிவுநீர் வெளியேற்றும் தொழிலுக்கும் சாக்கடைக்கும். மழையில் நாலா பக்கமும் வடியும் வயலுக்கு அப்படிக் கழிவுநீர் வெளியேறும் ஒரு வாய் கிடையாது. 24ஆவது பிரிவு 'எவரும்' என்று ஆரம்பிக்கிறது உண்மைதான். ஆனால் மாசுப் பொருளைத் தெரிந்தே விட்டார் என்று காட்ட வேண்டும். பூச்சிமருந்து டப்பாவை ஓடையில் கழுவினால் அதில் மாட்டலாம். மழைக்கு வரப்பு வழிந்ததற்கு மாட்டுவது கஷ்டம்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் டெ மாய்ன் நகரக் குடிநீர் நிறுவனம், வயல்களுக்கு அடியில் பதித்த வடிகுழாய்களின் வழியே நைட்ரேட் (தழைச்சத்து தண்ணீரில் கரைந்து போகும் வடிவம்) ஆற்றுக்கு வருகிறது என்று வடிகால் வாரியங்கள் மேல் 2015இல் வழக்குப் போட்டது. 2017இல் தள்ளுபடி. அங்கே சட்டமே விவசாய மழைநீருக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஐரோப்பாவில் வேறு வழி: 1991 நைட்ரேட் உத்தரவுப்படி, பாதிப்புள்ள பகுதிகளில் எருவில் இருந்து வரும் தழைச்சத்து ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோவைத் தாண்டக் கூடாது. வடியும் தண்ணீரை அளக்க முடியாததால் போடும் எருவை அளக்கிறார்கள். என் கருத்து, இங்கே ஒருநாள் கட்டுப்பாடு வந்தால் அதுவும் உர மூட்டைக் கணக்கில்தான் வரும். எவ்வளவு, எந்த தேதி என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மடைத்திறப்பு:
நெல்லுக்குச் சொல்றேன். தண்ணி கெட்டுப்போறது ரெண்டு சமயத்தில்தான்.

ஒன்னு, சேறு கலக்கின அன்னிக்கு. நடவுக்கு வசதியா இருக்கட்டும்னு கலங்கல் தண்ணியை உடனே வடிச்சு விடுறாங்க. போறது உங்க வயலோட நைசான வண்டல். மணிச்சத்து அதில் ஒட்டிக்கிட்டே போயிடும். ரெண்டு நாள் தெளிய விடுங்க, அப்புறம் மேல்தண்ணியை மட்டும் எடுங்க.

ரெண்டாவது, மேலுரம் போட்டதும். யூரியா போட்ட முதல் மூணு நாள் தேங்கின தண்ணியில அம்மோனியா உச்சத்தில் இருக்கும். ஒரு வாரம் மடையைத் திறக்காதீங்க. மேகம் கறுத்திருந்தா அன்னிக்கு யூரியா மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

மடையில் 4 அங்குல பிவிசி பைப் ஒன்னைப் பதிச்சு, வயல் பக்க முனையில எல்போ மாட்டுங்க. பசை போடாதீங்க, கையால திருப்புற மாதிரி இருக்கணும். நிமிர்த்தி வச்சா தண்ணி உயரமா நிக்கும், சாய்ச்சா மட்டம் இறங்கும். மழையில வழிஞ்சாலும் மேல்தண்ணிதான் போகும், அடிச்சேறு வயல்லயே இருக்கும். பைப்பைச் சுத்திக் களிமண்ணை நல்லா மிதிச்சுக் கெட்டிக்கணும். இல்லேன்னா அதன் பக்கமாவே அரிச்சு, ஒரே மழையில மடை பிய்ச்சுக்கும்.

அண்டை வெட்டி வரப்பு பூசும்போதே நண்டு வளை, எலி வளையைப் பார்த்து அடைங்க. மடையை எவ்வளவு இறுக்கமா கட்டினாலும் வளை வழியா ராவோட ராவா வயல் காலியாயிடும்.

யூரியா அளவுக்கு இலை வண்ண அட்டை. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் இருக்கும், இலை நிறம் எந்த எண்ணோட ஒத்துப்போகுதுன்னு பார்க்கணும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், 10 செடியில் முழுசா விரிஞ்ச மேல் இலையை உங்க நிழல்ல வச்சுப் பாருங்க. பத்தில் ஆறு இலை 4க்குக் கீழே இருந்தாத்தான் உரம் (வெள்ளைப் பொன்னிக்கு 3). அப்போ ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா போதும். பக்கத்து வயல் கரும்பச்சையா இருக்குன்னு முழு மூட்டையைக் கொட்டாதீங்க. அது புகையான் பூச்சிக்கு விருந்து வைக்கிற மாதிரி.

சோதனைக்குப்பி:
நெல்லைவிடக் கீரைப் பாத்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் நைட்ரேட் அவ்வளவாக நிற்காது. கீரையில் மண் காற்றோட்டமாக இருப்பதால் யூரியா சீக்கிரமே நைட்ரேட் ஆகி, தினம் பாய்ச்சும் தண்ணீரோடு கிணற்றுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு கைப்பிடி என்று வீசுவதை நிறுத்தி, குறைந்த அளவைப் பிரித்துக் கொடுங்கள்.

பழி யாருடையது என்று தெரிய, ஓடையில் உங்கள் வயலுக்கு மேலே ஒரு குப்பி, கீழே ஒரு குப்பி, ஒரே மணி நேரத்தில் பிடியுங்கள். அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக் குப்பியை மட்டும் அலசக் கூடாது. மேல் குப்பியிலேயே அம்மோனியா, குளோரைடு, மலக்கிருமி மூன்றும் எகிறியிருந்தால் அது வீட்டுச் சாக்கடை. யூரியாவில் குளோரைடு இல்லை. பொட்டாஷில் உண்டு, அதனால் குளோரைடை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

ரிப்போர்ட்டில் 'நைட்ரேட்' என்று இருக்கிறதா, 'நைட்ரேட் நைட்ரஜன்' என்று இருக்கிறதா பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட். நைட்ரஜன் கணக்கில் அதுவே சுமார் 10. நைட்ரஜன் கணக்கில் 12 என்று இருந்தால் அளவைத் தாண்டிவிட்டது, ஆனால் 45ஐ மனதில் வைத்துப் பார்ப்பவர் நல்ல தண்ணீர் என்று போய்விடுவார்.

ஓடைக்கரை:
ரொம்ப நன்றிங்க. பைப்பை இந்த வாரமே பதிச்சுடுறேன். ஓடைப் பக்க வரப்புல வெட்டிவேர் வைக்கலாமா?

மடைத்திறப்பு:
தாராளமா. ரெண்டு மூணு தூர் சேர்ந்த கன்றா, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், மழை பிடிக்கும்போது நடுங்க. வரிசையில் ஓட்டை விழுந்தா தண்ணி மொத்தமும் அந்த இடத்தில் பாய்ஞ்சு, வேலி இல்லாததைவிட மோசமா அரிக்கும். செத்த கன்றை ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திடணும். முதல் மூணு மாசம் ஆடு வராம பார்த்துக்குங்க.